கற்பிட்டிக்காரர் போட்ட பட்டியல்

கற்பிட்டியில் வளர்ந்த எங்களுக்கு சைமன் காசிச்செட்டியைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. ஒல்லாந்தர் கோட்டையைத் தெரியும். 1667இல் கட்டத் தொடங்கினார்கள் என்று பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தோம். ஒல்லாந்தர் தேவாலயத்துக் கல்லறைக் கற்களில் இருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறோம். யாருடைய பெயர் என்று கேட்டதில்லை. இதே ஊரில் 1807 மார்ச் 21ஆம் திகதி பிறந்த ஒருவர் இலங்கை முழுவதற்கும் ஊர் அகராதி ஒன்று எழுதினார், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தேடித் தொகுத்தார் என்பதை அறிய எனக்குப் புத்தளமும் குருநாகலும் தாண்டிப் பேராதனைக்குப் போக வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தமிழில் சிறப்புப் பட்டம் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டுப் போனபோது விரிவுரையாளர் என் முகத்தைப் பார்த்து, "தம்பி, நீர் கற்பிட்டி எல்லோ? காசிச்செட்டியை வாசிச்சிருக்கிறீரோ?" என்றார். இல்லை என்றேன். "முதல்ல போய் அதை வாசியும். பிறகு தலைப்பைப் பற்றிக் கதைப்பம்."

பல்கலைக்கழக நூலகத்தில் இலங்கை தொடர்பான அரிய நூல்களுக்குத் தனி இடம். பையை வெளியே வைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் புத்தகம் மேசைக்கு வரும். அப்படி வந்ததுதான் 1834இல் கோட்டே சர்ச் மிஷன் அச்சகத்தில் அச்சான ‘சிலோன் கசற்றியர்’. அதை வெளியிட்டபோது காசிச்செட்டிக்கு வயது 27. மாவட்டங்கள், பட்டினங்கள், ஆறுகள், மலைகள், ஊர்கள் எல்லாம் ஆங்கில அகரவரிசையில் கிடக்கின்றன. என் ஊரைத் தேடினேன். ஒல்லாந்தர் வழக்கப்படி ‘கல்பென்டின்’ என்ற பெயரில் இருந்தது. அந்த இரண்டு மூன்று எழுத்து வித்தியாசம் தெரியாவிட்டால் எந்த ஆவணக் காப்பகத்திலும் கற்பிட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. பிற்பாடு நான் தேடிய எல்லா அட்டவணைகளிலும் அது உதவியது.

காசிச்செட்டி புத்தளத்தில் அரச மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, மணியகாரர், முதலியார் என்று படிப்படியாக உயர்ந்தவர். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர்களின் பிரதிநிதி. பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதி. 1841இல் ‘உதயாதித்தன்’ என்று ஒரு மாத இதழையும் நடத்திப் பார்த்தார். 1845இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை தொடங்கியதும் அதன் சஞ்சிகையில் கட்டுரைகள் எழுதினார். 1860 நவம்பர் 5ஆம் திகதி காலமானார். உத்தியோக நாற்காலியில் இருந்துகொண்டே இத்தனையும் செய்திருக்கிறார்.

என்னைப் பிடித்து உலுக்கியது அவருடைய கடைசிப் பெரிய நூல். ‘தமிழ் புளூட்டாக்’ என்ற பெயரில் 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சானது; ஆங்கில நூல். ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்கள், ஆண்களும் பெண்களும், தமிழகத்தாரும் ஈழத்தாரும், ஆளுக்கொரு குறிப்பாக அதில் இருக்கிறார்கள். நான் வாசித்தது தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு 1946இல் வந்த இரண்டாம் பதிப்பு.

1859 என்ற ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் அப்போது நான்கு வயதுப் பிள்ளை. கலித்தொகை அச்சேற இன்னும் 28 வருடம் இருந்தது. புறநானூறு அச்சேற 35 வருடம். பழந்தமிழ் நூல்களில் பெரும்பகுதி ஓலையிலேயே, யாரோ ஒருவரின் பரணிலோ மடத்துப் பெட்டியிலோ கிடந்த காலம். பெரிய நூலகம் எதுவும் இல்லாத உப்பங்கழிக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர், இன்ன புலவர் இன்ன ஊரில் இருந்தார், இன்னதை எழுதினார் என்று பட்டியல் போட்டிருக்கிறார். அதில் பிழை இருக்கிறது. செவிவழிக் கதைகளை வரலாறாக எடுத்துக்கொண்ட இடங்கள் உண்டு. காலக் கணிப்புகள் பல இன்று நிற்கமாட்டா. அதைச் சுட்டிக்காட்டி அந்த நூலை ஒதுக்கியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிழையான ஒரு குறிப்பைத் திருத்தலாம். எழுதப்படாத குறிப்பை யாராலும் திருத்த முடியாது. விவிலியத்தைத் தமிழாக்கிய பிலிப்பு தெ மெல்லோவைப் போன்றவர்களைக் கம்பனுக்கும் ஔவைக்கும் பக்கத்தில் தமிழ்ப் புலவர்களாகவே உட்கார வைத்ததும் அந்தக் கற்பிட்டிக்காரர்தான். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ வர 1886 ஆயிற்று.

அந்த வருடம் நான் பட்டியல்களையே வாசித்துக்கொண்டிருந்தேன். நூலாசிரியர்களை விட்டுவிட்டு நூற்பட்டியல்களைப் படிக்கிறானே என்று விடுதியில் கூட இருந்தவர்களுக்கு ஆச்சரியம். கே.டி. சோமதாச சிங்கள விகாரைகளில் உள்ள ஓலைச்சுவடிகளின் பெயர்களைத் திரட்டி 1959 முதல் 1964 வரை வெளியிட்ட பெயராவளியைப் புரட்டினேன். எந்த விகாரையில் எந்த ஏடு என்று விகாரை விகாரையாகக் கொடுத்திருந்தார். அதே சோமதாச, பிற்காலத்தில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கும் ஹியூ நெவில் சேகரிப்புக்கு விவர அட்டவணை தயாரித்தார். 1987 முதல் 1995 வரை ஏழு தொகுதிகள். நெவில் இலங்கை சிவில் சேவையில் இருந்தவர், 1897இல் இறந்தவர். அவர் திரட்டிய 2,227 ஏடுகள் 1904இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டன.

அந்தச் சேகரிப்பில்தான் ‘முக்கர ஹட்டன’ இருக்கிறது. சிங்களத்தில் எழுதப்பட்ட சிறிய ஏடு. ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் புத்தளம் கோட்டையைச் சுற்றி முக்குவருக்கும், காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து மன்னனுக்காக வந்த 7,740 போர்வீரர்களுக்கும் நடந்த சண்டையை அது சொல்கிறது. எம்.டி. ராகவன் 1961இல் வெளியிட்ட கரையார் பற்றிய நூலில் இதைப் பற்றி வாசித்தேன். நாங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் நிலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் போரின் கதை, எங்கள் ஊரில் யாரும் அறியாமல், லண்டனில் ஓர் இலக்கத்தின் கீழ் இருக்கிறது. அது வரலாறா, பின்னாளில் ஒரு சமூகம் தன் குடியேற்றத்துக்குக் கட்டிக்கொண்ட கதையா என்பதை ஆய்வாளர்கள் வாதாடட்டும். ஏடு போய்விட்டதே என்ற வருத்தத்தோடு, அது எங்கே இருக்கிறது என்று ஒருவர் எழுதி வைத்தாரே என்ற ஆறுதலும் அன்று எனக்கு இருந்தது.

நூலகத்தில் ஓலைகளைப் பராமரித்த சிங்களப் பெரியவர் ஒருவருக்கு என் மேல் பிரியம். "மல்லி, வாங்க" என்று அரைத் தமிழில் கூப்பிடுவார். ஒரு பிற்பகல் மேசையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று தாளிப்பனை ஓலை: அகலம், மென்மை, இரு பக்கமும் வண்ணம் பூசிய மரச் சட்டம், உருண்டை உருண்டையான சிங்கள எழுத்து. மற்றது பனையோலை: ஒடுக்கம், நடுவே தடித்த நரம்பு நீக்கிய தழும்பு, விளிம்பில் ஒரே சீராக வெட்டாத வெட்டு. அது தமிழ் வைத்திய வாகடம். பஞ்சில் எண்ணெய் தொட்டு அவர் ஓலையை ஒருமுறை ஒற்றி எடுத்தார். வெறும் கீறல் போலக் கிடந்த எழுத்துகளில் கருமை ஏறி நின்றது. வாசிக்கச் சொன்னார். புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இல்லை. காலும் ரகரமும் ஒன்றேபோல். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. முதல் வரியில் சுக்கு என்று ஊகித்ததும் அடுத்தது மிளகாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்ணுக்கு முன் வாய் ஓடியது. தெரிந்த பொருள் கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் ஓலை வாசிக்க வரும் என்று அன்று புரிந்துகொண்டேன். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனாலும் நான் வாசித்து முடிக்கும்வரை ஓலையின் இரண்டு முனையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது வீட்டை வேறு கண்ணால் பார்த்தேன். எங்கள் உம்மும்மாவிடம் ஓலை இல்லை, கிதாபுகள் இருந்தன. அரபு எழுத்தில் தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதல் புள்ளி இட்டு உண்டாக்கிய முறை. அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, அரபுத்தமிழைத் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பார். பெண்புத்தி மாலையை மஃரிபுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு ஓதிக் காட்டுவார். ஆனாலும் அரசாங்கக் கணக்கில் அவர் எழுத்தறிவில்லாதவர். இந்தக் கரைக்கும் கீழக்கரைக்கும் பாய்மரக் காலத்திலிருந்து போக்குவரத்து. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே என்று பலரும் கொள்கிறார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 1898இல் மறையும்வரை இரு கரைக்கும் பொதுவான ஆசானாக இருந்தார். புத்தளத்தில் காசிமிய்யா அரபுக் கல்லூரி 1884 முதல் நடக்கிறது. இவ்வளவு இருந்தும், எந்த வீட்டில் எந்தக் கிதாபு என்று ஒரு பட்டியல் கிடையாது. காசிச்செட்டியும் இந்தப் பக்கம் வரவில்லை. அவர் திரட்டியது புலவர்களை.

உம்மும்மாவிடம் கேட்டேன், இன்னும் பழையது எதுவும் இருந்ததா என்று.

"இருந்திச்சு மகன். எங்கட மூத்தாப்பா கையால எழுதினது. பக்கமெல்லாம் உதிர்ந்து போச்சு. கால்ல மிதிபட்டா பாவமில்லையா? உங்க வாப்பா தோணியில கொண்டு போய் களப்புல விட்டாரு."

அல்லாஹ்வின் பெயர் எழுதிய தாள் காலில் படக் கூடாது. சிதைந்தால் புதைக்க வேண்டும், அல்லது நீரில் விட வேண்டும். கறையானும் இராமபாணப் பூச்சியும் உப்புக் காற்றும் அழித்ததைவிட, அன்போடும் பயபக்தியோடும் களப்பில் விடப்பட்டவை அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழகத்திலும் இதே கதைதான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை முறைப்படி நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. துடித்துப்போனார். யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். எழுத்தை மதித்தவர்கள் அவர்கள். விடுவதற்கு முன் பெயரையாவது ஒரு தாளில் குறித்திருக்கலாம் என்பது மட்டுமே என் ஆற்றாமை.

அப்படித்தான் அந்தக் கொப்பியைத் தொடங்கினேன். ஒற்றை ரூல் போட்ட சாதாரணக் கொப்பி. பெயர், யார் வீடு, நீளம் அகலம், கையெழுத்தா அச்சா, முதல் பக்கம் இருக்கிறதா, கடைசிப் பக்கம் இருக்கிறதா. கற்பிட்டியிலிருந்து ஏத்தாளை, நுரைச்சோலை, புத்தளம் என்று போய்க் கேட்டேன். பெரும்பாலும் கிடைத்தது கல்லச்சில் அடித்த மாலைகளும் மவ்லிதுகளும். நூறு மசலா பல வீடுகளில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கிதாபின் கடைசி வெற்றுத் தாளும் என்னை இழுத்தது. பிள்ளை பிறந்த நாள், நாழிகை. தென்னந்தோட்டம் ஈட்டுக்கு வைத்த கணக்கு. தோணி கடலில் இறக்கிய வெள்ளிக்கிழமை. புகையிலை விற்ற விலை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குடும்ப வரலாறு அந்தத் தாள்களில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பாடத்தைப் படிக்கச் சொல்லித் தந்தார்கள். ஓரத்தைப் படிக்க இந்த வீடுகள் சொல்லித் தந்தன.

ஆலங்குடாவுக்குப் போனது அதற்குப் பிறகு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபத்தையாயிரம் பேரளவில் இருப்பார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவில் இருந்தவர்களைப் படகுகளில் ஏற்றினார்கள். அந்தப் படகுகள் எங்கள் கற்பிட்டிக் கரைக்குத்தான் வந்தன. அப்போது நான் பள்ளி மாணவன். மழையில் நனைந்த பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக் கரையேற்றினோம். ஊர் முழுக்க அடுப்பு அணையாமல் கஞ்சி காய்ச்சிய நாட்கள் அவை. அந்த மக்கள்தான் ஆலங்குடாவிலும் சுற்றுவட்டத்திலும் கிடுகுக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள்.

எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் கிதாபு இருக்கிறதா என்று கேட்பதற்கே எனக்கு நாக் கூசியது. காணி உறுதியையே விட்டுவிட்டு வந்தவர். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதுங்க மகன். முதல்ல பச்சை அட்டை. இவ்வளவு தடிப்பம்." இரண்டு விரலால் காட்டினார். "ஃபத்ஹுத் தய்யான். ஓரத்துல கறையான் திண்டது. எங்கட வாப்பா அரிசிப்பசை போட்டு ஒட்டினாரு. ரெண்டாவது, துணி சுத்தினது, அதுக்கு அட்டை இல்ல..."

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை, இடமிருந்து வலமாக, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். எந்தக் கிதாபுக்குள் எந்தக் காகிதம் மடித்து வைத்திருந்தது என்பதும் வந்தது. அவருடைய மனைவி கொட்டிலின் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே இடையில் திருத்தினார்: "அது பச்சை இல்ல, நீலம். பச்சை உங்கட காக்காட." இருவரும் அந்த நிறத்துக்காக வாதாடினார்கள். இல்லாத அலுமாரி ஒன்றுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் குறிப்பெடுத்தேன். கொப்பியை நடுவில் திருப்பி, புதிய தலைப்பு எழுதினேன்: விட்டு வந்தவை. அங்கே எனக்குக் கிடைத்த பட்டியல், கையில் தொட்ட கிதாபுகளின் பட்டியலைவிட நீளமானது. கொட்டிலுக்குக் கொட்டில் ஆள் வைத்துக் கூப்பிட்டார்கள். "எங்களோடதையும் எழுதுங்க" என்றார்கள். உணவு அட்டைக்கும் கூரைத் தகரத்துக்கும் பெயர் எழுத எத்தனையோ பேர் வந்திருந்தார்கள். புத்தகத்தைக் கேட்டு யாரும் வந்ததில்லை என்றார் அந்தப் பெரியவர்.

அந்தக் கொப்பிதான் என் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பாயிற்று. இல்லாத நூல்களுக்குச் சான்று என்ன என்று பரீட்சகர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சொன்னவரின் நினைவுதான் சான்று என்றேன். காசிச்செட்டியும் தன் பல புலவர்களை அப்படித்தான் எழுதினார் என்றேன். பெரியவரும் அவர் மனைவியும் முரண்பட்ட இடத்தில் இரண்டு நிறத்தையும் குறித்திருந்தேன். அதைக் காட்டினேன்.

2009இல் போர் முடிந்த பிறகு சிலர் மன்னாருக்குத் திரும்பினார்கள், பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டார்கள். கொப்பியிலுள்ள வீடுகளில் சில இடிந்துவிட்டன. இருந்த கிதாபுகளிலும் சில கைமாறிவிட்டன. இப்போது கைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம், நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம நூலகங்கள் 2005இலிருந்து தமிழ் ஆவணங்களைப் பொதுவில் வைக்கின்றன. அண்மையில் ஏத்தாளையில் ஒரு வீட்டுக்குப் போனேன். மூலத்தைத் தர மாட்டோம், வுளூ எடுத்துவிட்டு நாங்களே பக்கத்தைத் திருப்புவோம், நீங்கள் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த வீட்டு ராத்தா. சம்மதித்தேன். அது அவர்கள் வீட்டுப் பொருள்; அங்கே இருப்பதே சரி. திருப்பும்போது அவர் மெதுவாக ஓதிக்கொண்டே வந்தார், இடையில் இரண்டு தாள் இடம் மாறித் தைக்கப்பட்டிருப்பதை ஓத்து தட்டியதால் கண்டுபிடித்தார். என் கண்ணுக்கு அது தப்பியிருக்கும்.

கொப்பியின் பிரதி ஒன்றைப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றுக்குக் கொடுத்தேன். பட்டியலாக்கம் செய்யும் உத்தியோகத்தர் இளைஞர், அக்கறையுள்ளவர். முதற்பாதியைக் கையெழுத்துப் பிரதிகளின் கீழும், இரண்டாம் பாதியை இடப்பெயர்வு ஆவணங்களின் கீழும் பிரித்துச் சேர்க்கலாமா என்று கேட்டார். பிரிக்க வேண்டாம் என்றேன். எருக்கலம்பிட்டி அலுமாரியில் இருந்ததும் ஏத்தாளைப் பெட்டியில் இருப்பதும் ஒரே கரையின் நூல்கள். சிலவற்றை எழுதிய கைகூட ஒன்றாக இருக்கலாம். அவர் யோசித்துவிட்டு ஒரே இலக்கம் போட்டார். பிறகு, தன் மூத்தம்மாவும் முசலிப் பக்கம்தான் என்றும், அவரிடம் கேட்டு இரண்டொரு பெயர் சேர்க்க இடமிருக்கிறதா என்றும் கேட்டார். இருக்கிறது என்றேன்.